தடித்த உருண்டை எழுத்து: பெயர்ப்பலகைத் தமிழின் வரலாறு

தடித்த உருண்டை எழுத்து என்பது கோடுகள் மிகப் பருமனாகவும், முனைகளும் மூலைகளும் மழுங்கி வளைந்தும், பார்வைக்கு விளையாட்டுத் தன்மையோடும் அமைந்த எழுத்து வடிவமாகும். நூலின் உட்பக்கங்களில் வரி வரியாகப் படிப்பதற்கு இது உருவாக்கப்படுவதில்லை. கடைப் பெயர்ப்பலகை, சுவர் விளம்பரம், திரைப்படத் தலைப்பு, சிறுவர் இதழின் அட்டை, மிட்டாய் உறை போன்று சில சொற்களே இடம்பெறும் இடங்களில், தொலைவிலிருந்து கண்ணைப் பிடிப்பதற்காகப் பயன்படுகிறது.

ஆங்கிலத்துக்கு இத்தகைய அச்செழுத்துகள் ஒரு நூற்றாண்டாகக் கிடைத்து வருகின்றன. தமிழிலோ இவ்வடிவம் நெடுங்காலம் பெரும்பாலும் ஓவியரின் தூரிகையிலேயே வாழ்ந்தது. எவரும் விலையின்றிப் பெற்று, எந்தக் கணினியிலும் பயன்படுத்தக்கூடிய எழுத்துருவாக அது பரவலானது 2010களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். 'பாலு தம்பி', 'காய்னி' ஆகிய இரண்டும் அவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை தொழிற்கூடங்களும் நெடுஞ்சாலைகளும் கடைத்தெருக்களும் நிறைந்தவை. தூரிகையிலிருந்து எழுத்துருவுக்கு நிகழ்ந்த மாற்றத்தை இப்பகுதியின் பலகைகளைக் கொண்டு நன்கு விளக்கலாம்.

உருண்டை பழையது, தடிமன் புதியது

தமிழ் எழுத்து வளைந்த எழுத்து. தொல்தமிழ் எழுத்தான தமிழி, பாறையிலும் பானை ஓட்டிலும் பெரும்பாலும் நேர்கோடுகளாலும் கோணங்களாலும் அமைந்திருந்தது. பின்னர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதும் வழக்கம் ஓங்கியபோது வளைவுகள் மிகுந்தன. ஓலையின் நரம்புகள் ஓடும் திசையில் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும், வளைத்து எழுதினால் கிழியாது என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். வட்டெழுத்து என்னும் பெயரே வளைவின் செல்வாக்கைக் காட்டுகிறது.

எழுத்தாணியின் கோடு எங்கும் ஒரே பருமன் கொண்டது. இறகுப் பேனாவால் எழுதப்பட்ட ஐரோப்பிய எழுத்தில் காணும் தடித்த கோடு, மெல்லிய கோடு என்னும் வேறுபாடு அதில் இல்லை. ஆகவே வளைவும் மழுங்கிய முனையும் தமிழுக்கு இயல்பானவை. ஆனால் எழுத்தாணிக் கோடு மயிரிழை போன்றது. ஓர் எழுத்தின் உள்ளே எத்தனை சுழிகள் இருந்தாலும் அக்கோட்டால் நெருக்கடி இன்றி வரைய முடிந்தது. மூன்று சுழி 'ண', பல வளைவுகள் கொண்ட 'இ', 'ஞ' போன்ற வடிவங்கள் நிலைபெற்றது மெல்லிய கோட்டின் துணையால்தான். அதே எழுத்தைப் பருமனான கோட்டால் எழுத முயலும்போது சுழிகள் அடைபடுகின்றன. தடித்த உருண்டை எழுத்தின் தமிழ் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதன் வரலாறே.

அச்சகம் தேடியது சிறிய எழுத்தை

தமிழ் நூல் அச்சு, இந்திய மொழிகளுள் மிகப் பழமையானது. அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சிடப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடி மிஷன் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டன. அவை அளவில் பெரியவையாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவானது. எனவே தரங்கம்பாடியிலேயே அவற்றைவிடச் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் மேற்பார்வையில் உருவான எழுத்துகளும் சிறுமைக்கும் தெளிவுக்கும் பெயர் பெற்றவை.

இவற்றின் போக்கு ஒன்றே. தாளும் ஈயமும் விலை மிக்கவை. ஆகையால் எழுத்து வெட்டுநர்களின் திறமை, எழுத்தைச் சிறிதாக்கியும் படிக்கத்தக்கதாக வைத்திருப்பதில் செலவானது. பெரிய எழுத்து எப்போதாவது தேவைப்படுவது. அதற்கென நூற்றுக்கணக்கான அச்சுருக்களை வார்ப்பது கட்டுப்படியாகாது. தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. கொம்பு, துணைக்கால் போன்ற குறிகளைப் பிரித்து வார்த்தாலும், கு, கூ, சு, சூ என வடிவம் மாறும் உகர ஊகாரங்களுக்குத் தனித்தனி அச்சுருக்கள் வேண்டும்.

இதனால் பெரிய எழுத்து அச்சுக்கோப்பவரிடமிருந்து ஓவியரிடம் சென்றது. இதழ்களின் பெயர்த் தலைப்பு, கதைத் தலைப்பு, திரைப்படச் சுவரொட்டி, சிவகாசியில் அச்சான நாட்காட்டி ஆகியவற்றில் எழுத்துகள் கையால் வரையப்பட்டு, படமாகவே அச்சேறின.

மேலைநாட்டு முன்மாதிரி

ஆங்கிலத்தில் தடித்த உருண்டை எழுத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'கூப்பர் பிளாக்'. சிகாகோவைச் சேர்ந்த எழுத்தோவியர் ஆஸ்வால்ட் கூப்பர் இதை வடிவமைத்தார். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்னும் வார்ப்பகம் 1922 இல் வெளியிட்டது. ஆங்கிலத்துக்கு 26 பெரிய எழுத்துகள், 26 சிறிய எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் ஆகியவை இருந்தாலே போதும் என்பதால் இத்தகைய முயற்சி வணிகத்தில் எளிதாக நிலைபெற்றது. பின்னாளில் பாடல் தட்டுகளின் உறை, சட்டைகளில் பதிக்கும் எழுத்து, கேலிச்சித்திரப் புத்தகம், விமான நிறுவனத்தின் பெயர் எனப் பல இடங்களில் அது புழங்கியது.

கூப்பர் பிளாக் எழுத்தும் அதன் சாயலில் வந்த பிறவும் இந்தியாவுக்கும் வந்தன. ஒரே பலகையில் ஆங்கிலப் பெயர் அச்செழுத்தைப் பார்த்து வரையப்பட்டது. தமிழ்ப் பெயருக்கோ பார்த்து வரைய முன்மாதிரி இல்லை. ஆங்கில எழுத்தின் பருமனையும் வளைவையும் தமிழுக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஓவியரின் கையில் விழுந்தது.

மேற்குப் புறநகரின் பலகைகள்

சென்னைக்கு மேற்கே இருந்த ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்கள், விடுதலைக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தொழில் நகரங்களாயின. 1949 இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டிகளைத் தயாரித்தது. 1955 இல் காங்கிரஸ் மாநாடு நடந்த ஆவடியில் 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கி, 1965 இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களின் நடுவில் உருவாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்களைக் கொண்டதாக வளர்ந்தது. பூந்தமல்லி, பெங்களூர் நெடுஞ்சாலையில் நகருக்குள் நுழையும் வாயிலாக இருந்தது.

தொழிற்கூடங்கள் வந்தால் பலகைகளும் வரும். லேத் பட்டறை, வெல்டிங் கடை, மெஸ், சைக்கிள் வாடகைக் கடை, டுடோரியல் கல்லூரி என ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத வேண்டியிருந்தது. லாரியின் நெற்றியிலும் தண்ணீர் லாரியின் உருளை வயிற்றிலும் ஆட்டோவின் முதுகிலும் எழுத வேண்டியிருந்தது. மாநகரப் பேருந்தின் முகப்பில் தடம் எண்ணும் ஊர்ப்பெயரும் வேண்டும். தேர்தல் வந்தால் சுவர்கள் வேண்டும். பெயரின் பின்னே 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்துக்கொண்ட சிறு கடைகளை நடத்திய பெயிண்டர்கள் இவ்வேலைகளைச் செய்தனர்.

பெயிண்டரின் முறை எளிமையானது, ஆனால் திறன் மிக்கது. பலகைக்கு அடிப்பூச்சு பூசிக் காயவிட்டு, மேல்கோடும் கீழ்க்கோடும் சாக்கட்டியால் இழுத்துக்கொள்வார். பெயரின் எழுத்துகளை எண்ணி, அகலத்தைப் பங்கிட்டு, மெல்லிய கோட்டில் வடிவத்தை வரைவார். பிறகு எனாமல் பெயிண்ட் தோய்த்த தட்டைத் தூரிகையால் நிரப்புவார். தூரிகையைத் திருப்பி எடுக்கும் இடத்தில் முனை தானாகவே மழுங்கி வளையும். இறுதியில் ஒரு பக்கத்தில் நிழலும், எழுத்தின் தோளில் ஒரு வெள்ளைக் கீற்றும் வைத்தால் எழுத்து பலகையிலிருந்து புடைத்து நிற்பதுபோலத் தோன்றும். தடித்த உருண்டை எழுத்துக்கு இந்த நிழலும் கீற்றும் சிறப்பாகப் பொருந்தும் என்பதால் இனிப்பகம், துணிக்கடை, சிறுவர் பள்ளி ஆகியவற்றின் பலகைகளில் அது விரும்பி எழுதப்பட்டது.

மூன்று ஊர்ப்பெயர்கள் காட்டும் சிக்கல்

தமிழ் எழுத்தைத் தடிமனாக்குவதில் உள்ள இடர்ப்பாடுகளை இப்பகுதியின் மூன்று ஊர்ப்பெயர்களைக் கொண்டே அறியலாம்.

'ஆவடி' மூன்றே எழுத்து. ஆனால் 'ஆ' எழுத்தில் இடப்புறச் சுழியும் கீழே திரும்பும் சுழியும் உள்ளன. 'வ' எழுத்திலும் ஒரு சுழி உண்டு. கோடு பருத்தால் இவை கரும்புள்ளிகளாகிவிடும். இதற்கு எழுத்தை அகலப்படுத்தலாம், அல்லது சுழி வரும் இடத்தில் மட்டும் கோட்டை மெலிதாக்கலாம், அல்லது சுழியைச் சிறு துளையாகச் சுருக்கலாம். அகலப்படுத்தினால் பலகையில் இடம் போதாது. மெலிதாக்கினால் எழுத்தின் பருமன் ஒரே சீராக இராது. சுருக்கினால் தொலைவிலிருந்து துளை தெரியாது. நல்ல வடிவமைப்பு இம்மூன்றையும் எழுத்துக்கு எழுத்து வெவ்வேறு அளவில் கலந்து பயன்படுத்துகிறது.

'அம்பத்தூர்' என்னும் பெயரில் ஆறு எழுத்துகளும் மூன்று புள்ளிகளும் உள்ளன. ஓலையில் புள்ளியைக் குத்தினால் ஓலை பழுதுபடும் என்பதால் பழஞ்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது. பலகையில் அதை விட முடியாது. எழுத்து தடித்தால் புள்ளியும் தடிக்க வேண்டும். தடித்த புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடாதிருக்க மேலே இடைவெளி வேண்டும். 'தூ' எழுத்தின் கீழ்ப்பகுதிக்கோ அடிக்கோட்டுக்குக் கீழே இடம் வேண்டும்.

'பூந்தமல்லி' என்றால் ஆறு எழுத்து. அதன் முழுப்பெயரான 'பூவிருந்தவல்லி' என்றால் எட்டு எழுத்து. பேருந்தின் முகப்பில் இருக்கும் இடமோ ஒரே அளவு. 'லி' எழுத்தின் மேல்விலங்கு உயர்ந்து வளைவதால் பக்கத்து எழுத்தின் தலையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் பேருந்துகளுக்கு மின்னொளிப் புள்ளிகளால் ஆன பலகைகள் வந்தபோது இச்சிக்கல் வேறு உருவில் திரும்பியது. குறைந்த எண்ணிக்கையிலான விளக்குப் புள்ளிகளைக் கொண்டு ஆங்கிலப் பெரிய எழுத்தைத் தெளிவாக அமைக்கலாம். மேலே புள்ளியும் கீழே விலங்கும் நடுவே சுழியும் கொண்ட தமிழ் எழுத்துக்கு அவ்வளவு புள்ளிகள் போதுவதில்லை.

தமிழ்நாடு அரசு 1978 இல் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் பலகை எழுதுவோருக்கும் ஓரளவு உதவியது. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட வடிவங்களின் வழியே ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் எளிமையாயின. தும்பிக்கை போல் மேலெழுந்து வளைந்த பழைய 'லை', 'னை' வடிவங்களைத் தடித்த கோட்டில் எழுதுவது கடினம். அவ்விடத்தில் தனி இணைக்கொம்பு வந்ததால் எழுத்தின் உயரம் குறைந்தது. அகலம் சற்றுக் கூடியது.

சட்டம் கேட்ட பெரிய எழுத்து

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையின் மொழி, சட்டத்தோடு தொடர்புடையது. 1947 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இடம்பெற வேண்டும். பிற மொழிகள் சேர்க்கப்படும்போது தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்னும் அளவில் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் அரசின் அறிவுறுத்தல்.

இவ்விகிதத்தை ஒரு பலகையில் பொருத்திப் பார்த்தால் எழுத்து வடிவத்தின் பங்கு விளங்கும். பலகையின் உயரம் நான்கு அடி என்று கொண்டால் தமிழுக்கு 24 அங்குலமும் ஆங்கிலத்துக்கு 14 அங்குலத்துக்குச் சற்று மேலும் கிடைக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து தனக்குக் கிடைத்த உயரம் முழுவதையும் நிரப்பி நிற்கும். தமிழ் எழுத்தோ புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் மேலேயும், உகர ஊகாரக் குறிகளுக்குக் கீழேயும் இடம் விட வேண்டும். மேலும் கீழும் கால் பங்கு வீதம் விட்டால் எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது 12 அங்குலமே. விதியைச் சரியாகப் பின்பற்றிய பலகையிலும் ஆங்கிலமே பெரிதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இந்த இழப்பை ஈடுசெய்யும் வழிகளுள் தடிமனும் ஒன்று. உடல் பருத்து, மேற்குறிகளும் கீழ்க்குறிகளும் நெருங்கி அமைந்த எழுத்து, அதே உயரத்துக்குள் மிகுதியான வண்ணத்தை நிரப்புகிறது. பெயிண்டர் இதைத் தம் அனுபவத்தால் செய்தார். 'தூ' எழுத்தின் காலை அடுத்த எழுத்தின் அடியில் ஓட விடுவார்; புள்ளியை இரு எழுத்துகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் இறக்கி வைப்பார். சட்டம் தமிழைப் பெரிதாக எழுதச் சொன்னது. பெரிதாகத் தெரியும் வடிவத்தை அமைத்துக் கொடுத்தது தூரிகை.

கணினியும் ஃபிளெக்ஸும்

தனிக்கணினியில் தமிழைக் கொண்டுவரும் முயற்சிகள் 1980களில் தொடங்கின. கனடாவிலிருந்து சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் 'முரசு', சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' என முன்னோடிப் பணிகள் பலவும் நடந்தன. இவற்றின் நோக்கம் முதன்மையாகத் தமிழில் எழுதுவதும் படிப்பதும் அனுப்புவதும் ஆகும். அச்சக வடிவமைப்புக்கு வணிக நிறுவனங்களின் எழுத்துருத் தொகுப்புகள் வந்தன. அவற்றில் அலங்கார எழுத்துகளும் தடித்த எழுத்துகளும் இருந்தன. ஆனால் அவை விலைக்கு விற்கப்பட்டவை. சில தொகுப்புகள் கணினியில் செருக வேண்டிய பூட்டுக் கருவியோடு வந்தன. சிறு கடைகளில் அனுமதியற்ற படிகள் புழங்கின.

ஒவ்வொரு தொகுப்பும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்தது இன்னொரு தடை. ஓர் எழுத்துருவில் தட்டிய பெயரை வேறோர் எழுத்துருவுக்கு மாற்றினால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றது. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் வடிவமைப்பு மென்பொருள்களின் பழைய பதிப்புகள் ஒருங்குறித் தமிழைச் சரியாகக் காட்டவில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்; புள்ளி தனியே விலகும். எனவே ஒருங்குறி வந்த பின்னும் பலகை வடிவமைப்போர் பழைய எழுத்துருக்களையே நம்பியிருந்தனர்.

இதே காலத்தில் 2000களின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் அச்சு பரவியது. நெகிழித் துணியில் பெரிய அளவில் மை தெளித்து அச்சிடும் இம்முறையில், நாள் கணக்கில் எழுதிய பலகை மணிக்கணக்கில் முடிந்தது. பெயிண்டரிடம் எழுத்தும் உழைப்பும் விலை; ஃபிளெக்ஸ் கடையில் சதுர அடி மட்டுமே விலை. அதில் எழுத்துக்கெனத் தனிக் கூலி இல்லை. சுவர் எழுத்துக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. பொதுவிடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1959 முதலே இருந்தாலும், 2009 இல் சென்னை மாநகராட்சி முதன்மைச் சாலைகளின் சுவர்களில் சுவரொட்டிகளையும் எழுத்துகளையும் நீக்கிப் பண்பாட்டு ஓவியங்களைத் தீட்டச் செய்தது. 2019 இல் பள்ளிக்கரணையில் சாலையோரப் பதாகை சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்தபின் பதாகைகளுக்கு எதிரான நீதிமன்றக் கண்டிப்பும் மக்கள் எதிர்ப்பும் வலுத்தன. அந்நிலையில் சுவருக்குத் திரும்புவதற்குப் போதிய பெயிண்டர்கள் தொழிலில் இல்லை.

பாலு தம்பியும் காய்னியும்

2010களின் நடுவில் கூகுள் எழுத்துருத் தளம் இந்திய எழுத்துகளுக்குத் திறந்த உரிமத்தில் பல எழுத்துருக்களை வெளியிட்டது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரான்' ஒன்பது தடிமன்களில் வந்தது. 'மீரா இனிமை', இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீசின் 'பவனம்', 'கவிவாணர்' ஆகியவையும் இவ்வரிசையில் அடங்கும்.

தடித்த உருண்டை வகையில் முதலாவதாகக் குறிப்பிட வேண்டியது 'பாலு'. மும்பையின் ஏக் டைப் நிறுவனம் இதை உருவாக்கியது. கிப்ளிங்கின் காட்டுக் கதைகளில் வரும் கரடியின் பெயரே எழுத்துருவின் பெயர். கரடியைப் போலவே பருத்தும் கனிந்தும் இருக்க வேண்டும் என்பது கருத்து. தேவநாகரியையும் இலத்தீனையும் சாரங் குல்கர்ணி வடிவமைத்தார். தமிழை ஆதர்ஷ் ராஜன் வடிவமைத்தார். ஒன்பது இந்திய எழுத்துகளுக்குத் தனித்தனி எழுத்துருக்கள் அமைந்தன. பெரும்பாலானவற்றுக்கு அந்தந்த மொழியின் உறவுப் பெயர் சேர்க்கப்பட்டது. குஜராத்தியில் 'பாய்', வங்கத்தில் 'தா', மலையாளத்தில் 'சேட்டன்', தெலுங்கில் 'தம்முடு', கன்னடத்தில் 'தம்மா', தமிழில் 'தம்பி'. மலையாளத்தில் அண்ணனாகவும் தமிழில் தம்பியாகவும் கரடி உறவு கொண்டாடுகிறது. முதலில் ஒரே தடிமனில் வந்த இக்குடும்பம், பின்னர் 'பாலு 2' என்னும் பெயரில் ஐந்து தடிமன்களில் விரிவுபட்டது.

'காய்னி' எழுத்துருவைப் பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் மார்செலோ மகல்யாய்ஸ் உருவாக்கினார். இது தமிழையும் இலத்தீனையும் மட்டுமே கொண்டது. பிற இந்திய எழுத்துகளின் துணையாக அன்றித் தமிழுக்கென்றே ஒரு விளையாட்டுத்தனமான தடித்த எழுத்துரு உருவானது இதன் தனிச்சிறப்பு. ஒரே தடிமன், மழுங்கிய முனைகள், சிறுத்த உள்வெளிகள் ஆகியவை இதன் இயல்புகள்.

இவ்விரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வெளியானவை. எவரும் இவற்றைப் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், மாற்றி வேறு பெயரில் வெளியிடலாம். கடைப் பலகைக்கும் மிட்டாய் உறைக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இலத்தீனும் தமிழும் ஒரே பருமனில், ஒரே குணத்தில் அமைந்திருப்பதால் இருமொழிப் பலகையில் தமிழ் மட்டும் மெலிந்து நிற்கும் நிலை நீங்குகிறது.

பயன்பாடும் பொருத்தமும்

தடித்த உருண்டை எழுத்தின் பயன் கண்ணுக்கு மட்டும் உரியதன்று, கருவிக்கும் உரியது. ஒட்டுத்தாளை வெட்டும் பொறியில் மெல்லிய கோடுகள் உரியும்போது கிழிகின்றன. பருத்த கோடுகள் கிழிவதில்லை. அக்ரிலிக் பலகையைச் சுழலும் உளியால் வெட்டும்போது, உட்புற மூலை உளியின் ஆரத்தைவிடக் கூர்மையாக அமைய இயலாது. மூலைகள் முன்பே வளைந்திருந்தால் வரைந்தபடியே வெட்டு வரும். பெட்டி எழுத்தின் உள்ளே விளக்கு பொருத்துவதற்குக் கோடு அகலமாக இருக்க வேண்டும். அம்பத்தூர் போன்ற தொழிற்பகுதியின் சிறு பட்டறைகளுக்கு இவை அன்றாடக் கணக்குகள். கூர்மையான மூலையும் மெல்லிய இணைப்பும் கொண்ட எழுத்தை வெட்டித் தருவதைவிட இவ்வகை எழுத்தை வெட்டுவது சேதாரம் குறைந்தது.

மழலையர் பள்ளி, பேக்கரி, பழச்சாற்றுக் கடை, பொம்மைக் கடை, பிறந்தநாள் பதாகை, காதணி விழா அழைப்பிதழ், சிறுவர் நூலின் அட்டை, காணொளியின் முகப்புப் படம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். பொருந்தாத இடங்களும் உண்டு. 'கண்ணீர் அஞ்சலி'ப் பதாகையில் கொழுகொழுவென்ற எழுத்து துயரத்தைக் கேலியாக்கும். மின்மாற்றியின் மேல் எழுதும் 'அபாயம்' என்னும் சொல்லுக்கும் மருந்துச் சீட்டுக்கும் நீண்ட உரைக்கும் இது ஏற்றதன்று. சிறிய அளவில் 'ண', 'ன' ஆகியவற்றின் சுழிகள் கலந்து ஒன்றாகத் தெரிவதால் 'மணம்', 'மனம்' என்னும் சொற்களிடையே வேறுபாடு மங்கும். இவ்வெழுத்துக்குப் பெரிய அளவும் குறைந்த சொற்களுமே இடம்.

இழந்ததும் எஞ்சியதும்

எழுத்துரு ஒரே வடிவத்தை எங்கும் தருகிறது. அம்பத்தூர்ப் பலகையிலும் அமெரிக்காவின் அழைப்பிதழிலும் அதே 'ம', அதே 'ர்' தோன்றும். பெயிண்டரின் எழுத்து அவ்வாறு இல்லை. பலகையின் நீளத்துக்கும் பெயரின் அளவுக்கும் ஏற்ப ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்தது. அம்பத்தூரில் எழுதும் ஒருவரின் 'ழ' ஆவடியில் எழுதும் இன்னொருவரின் 'ழ' போல் இராது. யார் எழுதியது என்பதைத் தொழில் அறிந்தவர் வளைவைக் கொண்டே சொல்ல முடிந்தது. ஃபிளெக்ஸ் வந்தபின் பலர் வீட்டுப் பூச்சு வேலைக்கும் வாகன எண் எழுதுவதற்கும் மாறினர். பலகைகளோ வெயிலில் வெளுத்து, புதிய பலகைகளின் அடியில் மறைந்தன. அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியானது; சாலைகள் அகலமாகும்போதும் கடைகள் கைமாறும்போதும் பழைய பலகைகள் கழற்றப்படுகின்றன.

வட இந்தியத் தெரு ஓவியர்களின் எழுத்துகளைச் சேகரித்து எழுத்துருவாக்கும் பணியை ஹனிஃப் குரேஷி 'ஹேண்ட்பெயிண்டட் டைப்' என்னும் திட்டத்தின் மூலம் தொடங்கினார். ஓவியரின் பெயரையே எழுத்துருவுக்கு வைத்தது அத்திட்டத்தின் நேர்மை. தமிழ்ப் பெயிண்டர்களின் எழுத்துக்கும் அத்தகைய பணி விரிவாக நடைபெற வேண்டும். சுழியை அடைக்காமல் கோட்டைப் பருக்க வைப்பது எப்படி, புள்ளியை எங்கே இறக்குவது, எட்டெழுத்துப் பெயரை ஆறெழுத்து இடத்தில் எப்படி அடக்குவது என்னும் கேள்விகளுக்கு அவர்கள் ஏற்கெனவே பலகைதோறும் விடை எழுதி வைத்துள்ளனர்.

திறந்த உரிமம் அதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. பாலு தம்பியையோ காய்னியையோ எடுத்து, ஒரு தெருவின் பலகைகளில் கண்ட 'தூ' எழுத்தையும் 'லி' எழுத்தையும் அதில் சேர்த்துப் புதிய பெயரில் வெளியிடுவதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. வேண்டியவை, அப்பலகைகள் கழற்றப்படுவதற்கு முன் எடுத்த ஒளிப்படமும், அவற்றை எழுதியவரிடம் கேட்டு எழுதிவைத்த குறிப்பும்தான்.